அடுத்த யூனிட்டின் விலை தெரியாமல் அடுப்பை மாற்ற வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சமையல் எரிவாயு விலை ஏறும்போதெல்லாம், இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் செலவு பாதியாகக் குறையும் என்ற அறிவுரை தவறாமல் வந்துவிடுகிறது. அண்மையில் தங்கள் நாளிதழின் மகளிர் பகுதியிலும் அப்படி ஒரு குறிப்பு வெளியானது. பாலக்கோடு வட்டத்தில் நான் கணக்கு எழுதிவரும் மகளிர் சுய உதவிக் குழுவில் அதைப் படித்த உறுப்பினர்கள் பலர், இண்டக்‌ஷன் அடுப்பு வாங்குவதற்குக் குழுவின் சேமிப்பிலிருந்து கொடுக்கும் உள்கடன் கேட்டனர். கடனுக்குத் தீர்மானம் எழுதும் முன், அவரவர் வீட்டு மின் அட்டையையும் கேஸ் புத்தகத்தையும் கொண்டுவரச் சொல்லி, கூட்டத்திலேயே பாயில் பரப்பி வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சில வீடுகளுக்கு அந்த அறிவுரை முழுக்கப் பொருந்தியது. வேறு சில வீடுகளில் மாறினால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சில நூறு ரூபாய் கூடுதலாகச் செலவாகும் என்று தெரிந்தது. ஒரே தெருவில், ஒரே அளவு குடும்பங்களுக்கு இடையே இத்தனை வேறுபாடு எதனால் வருகிறது என்பதைத் தங்கள் வாசகர்களும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்சாரம் மலிவா, எரிவாயு மலிவா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கரண்ட் பில் தொகையை யூனிட்டால் வகுத்துப் பார்க்கிறார்கள். இரண்டு மாதத்தில் 400 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,175 ரூபாய் வருகிறது. வகுத்தால் யூனிட்டுக்கு மூன்று ரூபாய்கூட ஆகவில்லை. எனவே சமையலையும் மின்சாரத்துக்கு மாற்றினால் யூனிட் மூன்று ரூபாயில் முடிந்துவிடும் என்று நம்பிவிடுகிறார்கள். ஆனால் அந்த வீட்டில் புதிதாக வரும் அடுப்பு எடுக்கப் போவது 401-வது யூனிட்டிலிருந்துதான். அதன் விலை 6 ரூபாய் 30 காசு. வீட்டின் சராசரி விலை எதுவாக இருந்தாலும் இந்த ஒப்பீட்டுக்கு அது உதவாது. யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறுவதால், இனிமேல் கூடப்போகும் யூனிட் எந்த விலைப் படிநிலையில் விழுகிறது என்பது மட்டுமே உதவும்.

2024 ஜூலை முதல் வீட்டு இணைப்புகளுக்கு நாம் செலுத்திவரும் விகிதத்தை இங்கே எழுதிவிடுகிறேன். 2025 ஜூலையில் மற்ற வகை இணைப்புகளுக்குக் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கு உயர்த்தப்படவில்லை. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 35 காசு, 201 முதல் 400 வரை 4 ரூபாய் 70 காசு, 401 முதல் 500 வரை 6 ரூபாய் 30 காசு. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கும் முதல் 100 யூனிட் இலவசம்தான். ஆனால் 2 ரூபாய் 35 காசு என்ற சலுகைப் படிநிலை அவர்களுக்குக் கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதுமே 4 ரூபாய் 70 காசு ஆகிவிடுகிறது. 401 முதல் 500 வரை அதே 6 ரூபாய் 30 காசு. அதன்பின் 501 முதல் 600 வரை 8 ரூபாய் 40 காசு, 601 முதல் 800 வரை 9 ரூபாய் 45 காசு, 801 முதல் 1,000 வரை 10 ரூபாய் 50 காசு, அதற்கும் மேலே 11 ரூபாய் 55 காசு.

இதில் 500 என்ற எல்லையை ஒவ்வொரு குடும்பமும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. மிகச் சரியாக 500 யூனிட்டில் நின்றால் கட்டணம் 1,805 ரூபாய். 501 ஆகிவிட்டால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டுக்கு நாம் கொடுப்பது 243 ரூபாய் 40 காசு. தினக்கூலிக்குப் போகும் ஒரு பெண்ணின் வீட்டில் இது அரை நாள் உழைப்பு. எங்கள் குழுவில் 490, 510 என்று இந்த எல்லையின் இருபுறமும் ஊசலாடிக்கொண்டிருக்கும் வீடுகள் இருக்கின்றன. ஒரு முறை 1,750 ரூபாய்க்குள் வந்த பில் அடுத்த முறை 2,100-ஐத் தாண்டும்போது, மீட்டரில்தான் ஏதோ கோளாறு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மின் அட்டையைக் கையில் எடுத்தவுடன் நான் முதலில் பார்ப்பது தொகையை அல்ல, தேதிகளை. முந்தைய கணக்கீட்டுத் தேதிக்கும் இப்போதைய தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தால், 60 நாள் என்பது பல அட்டைகளில் 65, 67 என்று நீண்டிருக்கும். விடுமுறை, ஆள் பற்றாக்குறை, ஒரே கணக்கீட்டாளர் பல ஊர்களுக்கு அலைய வேண்டிய நிலை என்று அதற்குக் காரணங்கள் இருக்கலாம். அவர்களைக் குறை கூறுவது என் நோக்கம் அன்று. ஆனால் அதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு ஏழரை யூனிட் ஓடும் ஒரு வீட்டில் சரியாக 60 நாளுக்கு ஒருமுறை கணக்கெடுத்தால் 450 யூனிட், 1,490 ரூபாய். நான்கு மாதத்துக்கு 2,980 ரூபாய். அதே வீட்டில் முதல் முறை 67-ஆம் நாள் கணக்கெடுத்து 503 யூனிட் என்றும், அடுத்த முறை பழைய தேதிக்கே வந்து 397 யூனிட் என்றும் எழுதினால், கட்டணம் 2,065 ரூபாயும் 1,161 ரூபாயும் ஆகி, நான்கு மாதத்துக்கு 3,226 ரூபாய் வருகிறது. ஓடிய மின்சாரம் இரண்டு வகையிலும் அதே 900 யூனிட். யாருடைய பயன்பாடும் கூடாமல், தேதி தள்ளிப்போன ஒரே காரணத்தால் 246 ரூபாய் கூடுதலாகப் போகிறது.

மாதந்தோறும் கணக்கெடுக்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் அது வாக்குறுதியாகவும் அளிக்கப்பட்டது. படிநிலை அளவுகளை அப்படியே பாதியாக்கி மாதக் கணக்குக்கு மாற்றினால் பெரும்பாலான வீடுகளுக்குக் கட்டணம் குறையாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதில் கிடைக்கும் உண்மையான நன்மை, தன் பயன்பாடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை மாதாமாதம் குடும்பம் தெரிந்துகொள்ளும் என்பதுதான்.

இனி எரிவாயுவுக்கு வருகிறேன். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. 2025 ஏப்ரலில் சிலிண்டருக்கு 50 ரூபாய் உயர்ந்தபோது சென்னையில் அதன் விலை 868 ரூபாய் 50 காசு ஆனது. நம் மாவட்டங்களில் போக்குவரத்தைப் பொறுத்துச் சில ரூபாய் கூடும் என்பதால், கணக்குக்கு 880 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன். விலை மாறினால் வாசகர்கள் அந்த எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், வழிமுறை மாறாது.

ஒரு கிலோ எரிவாயு எரியும்போது ஏறத்தாழ 12.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிப்படுகிறது. ஒரு முழுச் சிலிண்டருக்கு இது 180 யூனிட்டுக்குச் சற்று மேல். இவ்வளவும் பாத்திரத்துக்குள் போவதில்லை. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற அடுப்பு சோதனையில் குறைந்தது 68 விழுக்காடு வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அடைப்புப் பிடித்த பர்னரும், பாத்திரத்தின் அடியைத் தாண்டி எரியும் தீயும் உள்ள நம் சமையலறைகளில் 60 விழுக்காடு என்று கொள்வதே பொருத்தம். இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 85 விழுக்காட்டைப் பாத்திரத்துக்குக் கொடுத்துவிடுகிறது. இவற்றை வைத்துப் பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை இண்டக்‌ஷன் அடுப்பு சுமார் 128 யூனிட்டில் செய்து முடிக்கும். 880-ஐ 128-ஆல் வகுத்தால் 6 ரூபாய் 88 காசு. உங்கள் வீட்டின் அடுத்த யூனிட் இதைவிட மலிவாக இருந்தால் மின் அடுப்பு ஆதாயம். இதைவிட விலை கூடினால் கேஸ் ஆதாயம். நல்ல நிலையில் பராமரிக்கப்பட்டு முழு 68 விழுக்காடு தரும் கேஸ் அடுப்பாக இருந்தால் இந்த எல்லை ஆறு ரூபாய்க்குச் சற்று மேல் இறங்கிவிடும். அதாவது 2 ரூபாய் 35 காசு, 4 ரூபாய் 70 காசு ஆகிய படிநிலைகளில் மின்சாரத்துக்கே வெற்றி. 6 ரூபாய் 30 காசில் இரண்டும் ஏறக்குறையச் சமம். 8 ரூபாய் 40 காசும் அதற்கு மேலும் போனால் கேஸ் அடுப்பை விடுவது நட்டம்.

இதை வீடுகளில் வைத்துப் பார்க்கலாம். நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு சிலிண்டர் தீர்க்கும் நான்கு பேர் குடும்பத்துக்கு இரண்டு மாத கேஸ் செலவு சுமார் 1,173 ரூபாய். அதை முழுவதும் மின்சாரத்துக்கு மாற்றினால் சுமார் 170 யூனிட் கூடும். இப்போது 220 யூனிட் ஓடும் வீடாக இருந்தால் பயன்பாடு 390 ஆகும். கூடும் 170 யூனிட்டும் 4 ரூபாய் 70 காசுக்குள் முடிந்து 799 ரூபாய் ஆகும். இரண்டு மாதத்துக்கு 374 ரூபாய் மிச்சம். அந்த உறுப்பினருக்குக் கடன் கொடுக்கலாம் என்று தயங்காமல் எழுதினேன். அடுத்தவர் வீட்டில் ஏற்கெனவே 380 யூனிட் ஓடுகிறது. 170 கூடினால் 550. பில் 1,081 ரூபாயிலிருந்து 2,460 ரூபாய்க்குத் தாவிவிடும். கூடுதல் 1,379 ரூபாய்; மிச்சமாகும் கேஸ் 1,173 ரூபாய். இரண்டு மாதத்துக்கு 206 ரூபாய் கையை விட்டுப் போகும். அதே வீட்டில் காலைச் சிற்றுண்டி, பால், டீ போன்றவற்றை மட்டும் மின் அடுப்புக்கு மாற்றி மொத்தப் பயன்பாட்டை 490-க்குள் நிறுத்திவிட்டால் ஏறத்தாழ 95 ரூபாய் மிஞ்சும். அந்த 95 ரூபாய்க்காக மாதம் முழுவதும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். 620 யூனிட் ஓடும் வீட்டிலோ கூடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 9 ரூபாய் 45 காசு. முழுவதும் மாறினால் இரண்டு மாதத்துக்கு 430 ரூபாய்க்கு மேல் நட்டம். வசதியான வீடு என்பதால் இண்டக்‌ஷன் அவர்களுக்குத்தான் பொருந்தும் என்று பொதுவாக எண்ணுகிறோம். இப்போதைய கட்டணத்தின்படி குறைந்த மின்சாரம் செலவழிக்கும் எளிய வீட்டுக்குத்தான் அது மிகவும் பொருந்துகிறது.

ஏழைக் குடும்பப் பெண்களுக்கான மத்திய அரசின் உஜ்வாலா திட்டத்தில் கேஸ் இணைப்பு பெற்ற குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு மறுபடியும் மாறும். சிலிண்டருக்கு 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் வந்துவிடுவதால், 880 ரூபாய் சிலிண்டர் அவர்களுக்கு 580 ரூபாய்தான். அப்படியானால் கேஸும் மின்சாரமும் சமமாகும் எல்லை 4 ரூபாய் 53 காசு. 200 யூனிட்டைத் தாண்டிய உஜ்வாலா வீட்டுக்கு கேஸ் அடுப்பே மலிவு. 2025-26 ஆண்டில் இந்த மானியம் ஒன்பது சிலிண்டர்களுக்கு என்று வரையறுக்கப்பட்டிருக்கிறது என்பதையும் அவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

வீட்டு வாசலில் சிலிண்டரைக் கொண்டுவந்து கொடுப்பதற்கான கட்டணம் பில் தொகையிலேயே அடக்கம். ஆயினும் தொலைவில் உள்ள சிற்றூர்களிலும் மலைக் கிராமங்களிலும் பில் தொகைக்கு மேல் ஐம்பது, அறுபது ரூபாய் கேட்டுப் பெறும் வழக்கம் இருக்கிறது. 50 ரூபாய் கூடினால் சிலிண்டர் 930 ரூபாய். சம எல்லை 7 ரூபாய் 27 காசாக உயர்ந்துவிடுகிறது. ஒப்பிடும்போது நீங்கள் உண்மையில் கொடுத்த தொகையைத்தான் எழுத வேண்டும். அதுபோலவே எடையையும் பார்த்து வாங்க வேண்டும். சிலிண்டரின் கைப்பிடி வளையத்தில் வெற்றுச் சிலிண்டரின் எடை பொறிக்கப்பட்டிருக்கும், அதனுடன் 14.2 கிலோவைக் கூட்டினால் வரும் எடை தராசில் காட்ட வேண்டும். ஒரு கிலோ குறைந்தால் 62 ரூபாய் குறைந்ததாகப் பொருள். எடை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

விலைக் கணக்கு ஒரு பக்கம் இருக்க, நம் பகுதிச் சமையல் என்று ஒன்று இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் ராகிக் களி அன்றாட உணவாக இருக்கும் வீடுகள் ஏராளம். களி கிண்டும்போது கனமான பாத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, துடுப்பால் முழு வலுவையும் கொடுத்து அழுத்திக் கிளற வேண்டும். இண்டக்‌ஷன் அடுப்பின் கண்ணாடித் தகடு அதற்காகச் செய்யப்பட்டதன்று. பாத்திரம் சற்று விலகினாலே சூடு நின்றுவிடும். விரிசல் விட்டால் தகடு மாற்றும் செலவு ஓராண்டுச் சேமிப்பை விழுங்கிவிடும். களிப் பாத்திரங்கள் பெரும்பாலும் அலுமினியம் என்பதால் அவை இண்டக்‌ஷனில் சூடாகவே மாட்டா. பாத்திரத்தின் அடியில் காந்தம் ஒட்டினால்தான் அது இந்த அடுப்புக்கு ஆகும் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் சோதித்துவிடலாம். பழைய குக்கர், வாணலி, தோசைக்கல் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்தால் அந்தச் செலவையும் கடன் தொகையில் சேர்த்தே கணக்கிட வேண்டும். எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு என்று கடைகளில் காட்டுவது வேறு வகை. அதில் வெப்ப இழப்பு கூடுதல் என்பதால் நான் மேலே சொன்ன கணக்கு அதற்குப் பொருந்தாது. பழைய வீடுகளில் உள்ள 5 ஆம்பியர் பிளக்கில் 2,000 வாட் அடுப்பை மாட்டுவது ஆபத்து. 16 ஆம்பியர் பிளக் பாயிண்ட்டும் முறையான எர்த் இணைப்பும் இல்லாத வீட்டில், முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்குத்தான். இவை எல்லாம் இருந்தாலும், மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமங்களில் கேஸ் இணைப்பை ஒப்படைத்துவிடலாம் என்று யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

கேஸ் அடுப்பிலேயே தொடர வேண்டியவர்களுக்கு வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. கொள்ளு, மொச்சை, துவரை ஆகியவற்றை முன்கூட்டியே ஊறவைத்துக் குக்கரில் வேகவைப்பதும், கொதி வந்தபின் தீயைக் குறைப்பதும், பர்னர் துளைகளைச் சுத்தமாக வைத்திருப்பதும் எல்லோரும் அறிந்தவையே. தீ மஞ்சளாக எரிகிறது என்றால் எரிவாயு வீணாகிறது. அன்றைக்கே பர்னரைக் கழற்றிக் கழுவ வேண்டும்.

சமையலைவிட வெந்நீர் பற்றி நம் பகுதியில் அதிகம் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஐப்பசி தொடங்கி மாசி வரை குளிர் விடுவதில்லை. 20 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ அரை யூனிட் ஆகிறது. நால்வர் நாளும் ஒரு வாளி வெந்நீரில் குளித்தால், இரண்டு மாதத்தில் 120 யூனிட். இதே நீரைக் கேஸ் அடுப்பில் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு முழுச் சிலிண்டர் தீர்ந்துவிடும். 4 ரூபாய் 70 காசுப் படிநிலையில் இருக்கும் வீட்டுக்கு ஹீட்டர் 564 ரூபாயில் முடியும் வேலையை, சிலிண்டர் 880 ரூபாய்க்குச் செய்கிறது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதாக எண்ணி அடுப்பில் அண்டா ஏற்றுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு மட்டும் இது தலைகீழாகும். கீசர் போட்டுவிட்டு மறந்துபோவதால் வீணாகும் மின்சாரம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

ஓசூரைப் பற்றிச் சொல்லும்போது அங்குள்ள வாடகைக் குடித்தனங்களையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தொழிற்சாலை வேலைக்காக வந்து லைன் வீடுகளில் குடியிருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள், சப்-மீட்டர் கணக்கில் யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று வீட்டுக்காரருக்குக் கொடுத்துவருகிறார்கள். அவர்களுக்கு எந்தப் படிநிலையும் கிடையாது, இலவச யூனிட்டும் கிடையாது. முதல் யூனிட்டிலிருந்தே கேஸ்தான் மலிவு.  ஒரே இணைப்பில் நான்கு குடித்தனங்கள் தலைக்கு 150 யூனிட் செலவழித்தால் மொத்தம் 600 யூனிட், பில் 2,880 ரூபாய். அதே நான்கு குடித்தனங்களுக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவருக்கும் 117 ரூபாய் 50 காசு. நால்வருக்கும் சேர்த்து 470 ரூபாய்தான். அரசு கொடுக்கும் சலுகை யாருக்காகக் கொடுக்கப்படுகிறதோ அவர்களைச் சென்றடையாமல் நடுவிலேயே நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. தனிச் சமையலறையுடன் பிரிந்துள்ள குடித்தனங்களுக்குத் தனி இணைப்பு பெற வழி உண்டு. வீட்டு உரிமையாளர்கள் ஒருமுறை செலவு செய்து அதைப் பெற்றுத் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

500-ஐச் சற்றுத் தாண்டி நிற்கும் வீடுகளுக்கு, அடுப்பை மாற்றுவதைவிட மின்விசிறியை மாற்றுவதே பெரிய ஆதாயம் என்பது எங்கள் கணக்கில் தெரிந்த மற்றொரு செய்தி. பழைய மின்விசிறி 75 வாட் எடுக்கிறது. இப்போது வரும் பிஎல்டிசி மின்விசிறி 30 வாட் அளவில் ஓடுகிறது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடும் மூன்று மின்விசிறிகளை மாற்றினால் இரண்டு மாதத்தில் சுமார் 97 யூனிட் குறையும். 560 யூனிட் ஓடும் வீடு 463-க்கு இறங்கும். பில் 2,544 ரூபாயிலிருந்து 1,572 ரூபாயாகும். ஒரே மாற்றத்தில் 970 ரூபாய் மிச்சம். அதே மூன்று மின்விசிறிகளை 220 யூனிட் ஓடும் வீட்டில் மாற்றினால் 275 ரூபாய்க்கு மேல் மிஞ்சாது. கூரையில் சூரிய மின் தகடு அமைப்பதும் இப்படித்தான். பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் வரை அதிகபட்சமாக 78,000 ரூபாயும் மானியம் கிடைக்கிறது. ஒரு கிலோவாட் அமைப்பு நாளுக்குச் சராசரியாக நான்கு யூனிட் அளவில் தரும். 700 யூனிட் ஓடும் வீட்டுக்கு அது இரண்டு மாதத்தில் 2,200 ரூபாய்க்கு மேல் குறைத்துவிடும். 220 யூனிட் வீட்டுக்குக் கடன் வாங்கி அதை அமைப்பது, என் பார்வையில், தேவையற்ற சுமை.

மின் வாரியத்தார்க்கும் தங்களுக்கும் சில வேண்டுகோள்கள் உண்டு. கணக்கெடுத்தவுடன் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியில் இப்போது தொகையும் கடைசி நாளும் வருகின்றன. அதனுடன், கடைசியாக ஓடிய யூனிட் எந்த விகிதத்தில் கணக்கிடப்பட்டது என்பதையும், 500-க்கு எத்தனை யூனிட் இடைவெளி இருந்தது என்பதையும் ஒரு வரியில் சேர்த்தால், பள்ளிப்படிப்பு இல்லாத பெண்கள்கூடத் தங்கள் பிள்ளைகளைக் கேட்டு விவரம் தெரிந்துகொள்வார்கள். கணக்கீடு 60 நாளைத் தாண்டினால், தாண்டிய நாட்களின் விகிதத்துக்கு ஏற்பப் படிநிலை எல்லைகளையும் உயர்த்திக் கணக்கிட வேண்டும். 67 நாள் என்றால் 500 என்பது 558 ஆக வேண்டும். ஆள் வராமலே தானாகக் கணக்கை அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வந்தபின் இந்தச் சிக்கல் இருக்காது என்கிறார்கள். அது வரும்வரை மக்கள் 243 ரூபாயை இழந்துகொண்டிருக்க வேண்டியதில்லை.

தங்கள் நாளிதழ் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில் தங்கம், வெள்ளி விலையை வெளியிடும் இடத்துக்குப் பக்கத்திலேயே, தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் உரிய அம்மாத சிலிண்டர் விலையையும், அந்த விலைக்கு எத்தனை ரூபாய் யூனிட் வரை மின் அடுப்பு ஆதாயம் என்ற ஒற்றை எண்ணையும் அச்சிட வேண்டுகிறேன். சிலிண்டர் விலையை 128-ஆல் வகுத்தால் அந்த எண் கிடைத்துவிடும். எங்கள் குழுவின் அடுத்த கூட்டத்தில், இண்டக்‌ஷன் அடுப்புக்கு உள்கடன் கேட்கும் ஒவ்வொருவரும் விண்ணப்பத்துடன் மின் அட்டையின் கடைசி மூன்று பதிவுகளையும் இணைக்க வேண்டும் என்று தீர்மானம் போட இருக்கிறோம். மற்ற குழுக்களும் இம்முறையைப் பின்பற்ற விரும்பினால் கணக்கிட உதவ நான் அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி,
மகளிர் சுய உதவிக் குழுக் கணக்கர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.